பின்னோக்கி மலையேறிய ரயில்

நம் தோட்டத்துப் பள்ளியில் என்னோடு ஆறாம் ஆண்டு படித்தவர்களே, உங்களில் பாதிப் பேர் இப்போது ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறீர்கள். இதை என் பிள்ளைகளுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவர்கள் நான் சொல்வதை நம்பாமல் உங்களிடம் வந்து விசாரிக்கக்கூடும். அதனால் உங்களையும் சேர்த்துக்கொள்கிறேன். எங்கேயாவது நான் கூட்டிச் சொன்னால் திருத்துங்கள். எனக்குப் படிப்பு இடைநிலைப் பள்ளி மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டது. நான் ஓட்டுகிற காய்கறி லோரி நேராகப் போகும், எழுத்து அப்படிப் போகாது.

போன வாரம் என் கடைசி மகள் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். எங்கோ ஒரு குளிர் நாட்டில், ஒரு கூடம் நிறையப் பொம்மை ரயில். மலை, ஆறு, பாலம், விளக்குக் கம்பம், விரல் நுனி அளவு மனிதர்கள்.

“நம்ம ஊர்ல எல்லாம் இப்படி யாரும் செய்ய மாட்டாங்க இல்லப்பா?”

“நாங்க செஞ்சோம்லா.”

“கதை விடாதீங்கப்பா. கேமரன்ல ரயிலே இல்ல.”

ரயில் இல்லைதான், பிள்ளைகளே. கேமரன் மலையை விட்டு இறங்கினால்தான் தண்டவாளத்தைப் பார்க்கலாம். அதைச் செய்த எங்கள் மூவரில் ஒருவரும் அப்போது ரயிலைக் கண்ணால் கண்டதில்லை. மூவர் என்றால் நான், என்னைவிட இரண்டு வயது இளைய தங்கச்சி, பிறகு என் கூட்டாளி. கூட்டாளியின் அப்பா தோட்டத்து ஆசாரி.

அந்த வருஷம் தானா ராத்தா டவுனில் பள்ளிகளுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். தலைப்பு போக்குவரத்து. பள்ளிக்கு ஒரு மேசை. எங்கள் அறிவியல் ஆசிரியர் அலமாரியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்தார். யாரோ எப்போதோ கொடுத்த பொம்மை ரயில். ஓர் எஞ்சின், மேலே திறந்த பெட்டிகள் இரண்டு. எஞ்சின் வயிற்றில் பேட்டரி. முதுகில் ஒரு சின்னக் குமிழ். முன்னால் தள்ளினால் எஞ்சின் முன்னால் போகும், பின்னால் தள்ளினால் பின்னால் போகும். தண்டவாளத்தில் பாதி தொலைந்துபோயிருந்தது.

“யாராச்சும் இத ஓட வச்சிருவீங்களா?” என்று கேட்டார்.

“ஓட வைக்கிறது என்னா சார், மலையே ஏத்திருவோம்” என்றேன் நான்.

வாய் என்னுடையது. நினைத்துப் பார்த்துச் சொன்ன சொல் இல்லை. பின் வரிசையிலிருந்து, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரின் மகன், “கோஸ்தான் மகன் ரயில் விடப் போறானாம்டா!” என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. அந்தச் சூட்டில்தான் முடிவு செய்தேன். இந்த ரயில் மலை ஏறியே ஆக வேண்டும், நாலு பேர் அதை நின்று பார்த்தே ஆக வேண்டும்.

வண்டியைப் பின்னோக்கி ஓட்டுவதை நாம் கோஸ்தான் என்போம். அது அப்பாவுக்கு வைத்த பட்டப்பெயர். அவர் தேயிலைக் கொழுந்து லோரி டிரைவர். கீழே பள்ளத்தாக்கில் பெண்கள் எடுத்த கொழுந்தைச் சாக்குச் சாக்காக ஏற்றி, சாக்குகளின் மேல் பெண்களையும் உட்காரவைத்து, மேலே ஆலைக்கு வருவார். வழியில் கொண்டை ஊசி மாதிரி இரண்டு வளைவுகள். மற்ற டிரைவர்கள் அங்கே முன்னும் பின்னுமாக ஒடித்துத் திருப்புவார்கள். சக்கரம் உதைத்த கல் பள்ளத்தில் உருண்டு போகும் சத்தம் கேட்கும். நாங்கள் கை தட்டுவோம். அந்த லோரிகளில் வரும் பெண்கள் வளைவுக்கு முன்பே இறங்கி, கூடையோடு நடந்து மேலே போய் மறுபடி ஏறிக்கொள்வார்கள். ஏன் இறங்குகிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அப்பா மட்டும் திருப்ப மாட்டார். வளைவைத் தாண்டி நேராகக் கொஞ்ச தூரம் போய் முடிந்துபோகும் ஒரு சந்து உண்டு. அதற்குள் லோரியின் மூக்கை விட்டு நிறுத்துவார். பிறகு அடுத்த ஏற்றத்தில் பின்னோக்கியே ஏறுவார். இரண்டாவது வளைவிலும் அப்படி ஒரு சந்து. அதற்குள் வால் போகும். பிறகு முன்னோக்கி ஏறுவார். மற்றவர்கள் போய்ச் சேர்ந்து தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் அப்பாவின் லோரி வரும்.

மூடிக்கிடந்த ஆயாக் கொட்டகையின் பின்பக்கத்தை ஆசிரியர் எங்களுக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். முன்பு கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போவார்களே, அந்த இடம். உள்ளே இன்னும் பால் புளித்த வாடை இருந்தது. பள்ளி விட்டதும் அங்கேதான் போவோம்.

தேயிலைப் பெட்டிப் பலகையைச் சேர்த்து ஒரு கட்டில் அளவுக்கு மேடை போட்டான் கூட்டாளி. பெட்டிகளைச் சுற்றிக் கட்டிய தகரப் பட்டை ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். அதைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினோம். ஐஸ்கிரீம் குச்சியில் இரண்டு கீறல் போட்டு, கீறலில் பட்டையைச் செங்குத்தாகச் செருகினால் தண்டவாளம். பள்ளிக் கடைக் குச்சி தீர்ந்ததும் மூங்கிலைப் பிளந்தோம். மூவர் விரலிலும் வெட்டுக்காயம். அம்மா மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டு, “ரயிலா செய்யிறீங்க, கசாப்புக் கடையா?” என்று கேட்டார்.

மலையைக் கஞ்சியும் பழைய பத்திரிகையும் வைத்துக் கட்டினோம். முதல் மலையை எலி தின்றுவிட்டது. ஒரு மூலை ஒழுங்காகக் குகை மாதிரி இருந்தது, தங்கச்சி அதை அப்படியே சுரங்கப்பாதையாக வைத்துக்கொள்ளலாம் என்றாள். இரண்டாவது மலைக்குக் கஞ்சியில் மிளகாய்த் தூளைக் கொட்டினாள். எலி வரவில்லை. நாங்கள்தான் மூக்கைச் சிந்திக்கொண்டே வேலை செய்தோம்.

மரத்துக்கு அலையவே வேண்டாம். கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி ஒவ்வொன்றும் நூறு வருஷத்து மரத்தைக் கையளவாக்கின மாதிரி முறுக்கிக்கொண்டு இருக்கும். காட்டிலிருந்து பாசி கொண்டுவந்து, கத்தரியால் நறுக்கி, நிரை நிரையாக ஒட்டினாள் தங்கச்சி. தூரத்திலிருந்து பார்த்தால் அசல் தேயிலை மலைதான். தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள் ஆறு ஆனது. தீக்குச்சியில் துணி சுற்றி ஏழு பெண்கள் செய்தாள், முதுகில் கூடை, தலையில் முக்காடு. அவர்களை ரயில் பெட்டியில் குட்டிச் சாக்குகளின் மேல் உட்காரவைத்தாள்.

ஆசிரியர் வந்து பார்த்தார். அவர் கீழ்ப்பக்கத்து ஊர்க்காரர், ரயிலிலேயே போய் வந்து படித்தவர்.

“அழகா இருக்குடா. ஸ்டேஷன் எங்க?”

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கீழே கொழுந்து நிறுக்கும் கொட்டகை வைத்திருந்தோம். உச்சியில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பிரட்டுக் களமும் கோயிலும். ரயில் போய் நிற்க வேறு இடம் வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

“அதான் சார் ஸ்டேஷன்” என்று கொட்டகையைக் காட்டினாள் தங்கச்சி. “டிக்கெட்டுக்குப் பதிலா கூடைய நிறுப்பாங்க.”

அவர் சிரித்தார். ரயில் ஓடியபோது சிரிப்பு நின்றது. நாங்கள் கண்ட ஒரே வழி தோட்டத்து ரோடு. அதனால் தண்டவாளத்தையும் ரோடு மாதிரியே கொண்டை ஊசியாக வளைத்திருந்தோம். முதல் வளைவிலேயே எஞ்சின் குப்புற விழுந்தது. வளைவைக் கொஞ்சம் அகலமாக்கினோம். இரண்டு பெட்டிகளும் பக்கவாட்டில் சாய்ந்தன. ஏழு பெண்களும் வெள்ளித்தாள் ஆற்றில்.

“டேய், ரயில் வளையும். ஆனா லோரி மாதிரி மடங்காது. மலை எல்லாம் வேணாம். தட்டையா ஒரு வட்டம் போடுங்க. நல்லா சுத்தும், பாக்கவும் லட்சணமா இருக்கும்.”

“மலை ஏத்துறேன்னு சொல்லிட்டேனே சார்.”

“சொன்னா என்னா? ரயில்ல போனவன் நான் சொல்றேன்.”

அடுத்த வாரமும் விழுந்தது. அதற்கடுத்த வாரமும். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் ரப்பரை எஞ்சின் சக்கரத்தில் மாட்டினோம். சறுக்காமல் ஏறியது, ஏறிப் போய் விழுந்தது. கூட்டாளி கோபத்தில் சுத்தியலைத் தூக்கிப் போட்டான். “போடா, நீ ஏத்து உன் ரயில. வட்டம்தான் சரி” என்று வீட்டுக்குப் போய்விட்டான்.

தகரப் பட்டை தீர்ந்துவிட்டது என்று ஒரு நாள் அப்பாவின் லோரியில் ஆலைக்குப் போனேன். எனக்கு இடம் எப்போதும் முன்னால், அவருக்குப் பக்கத்தில். சாக்குகளின் மேல் பெண்கள். வளைவில் அப்பா வழக்கம்போல் சந்துக்குள் விட்டு நிறுத்தினார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த மண்டோர் வழிக்காகக் காத்து நிற்க வேண்டியதாயிற்று.

“என்னா டிரைவரே, இன்னிக்கும் கோஸ்தானா? ஒனக்கு லைசென்ஸ் பின்பக்கத்துக்கு மட்டும்தான் குடுத்தாங்களா?”

மேலே பெண்களில் யாரோ சிரித்தார்கள்.  அப்பாவின் கண் பக்கக் கண்ணாடியில் இருந்தது. நான் தலையைக் குனிந்து, முழங்காலைப் பார்த்துக்கொண்டு, சீக்கிரம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். லோரி பின்னோக்கி உறுமியது. பிறகு முன்னோக்கி உறுமியது. நிமிர்ந்து பார்த்தபோது நாங்கள் மேலே இருந்தோம்.

ஒரு இடத்திலும் வளையாமல் மேலே வந்துவிட்டிருந்தோம்.

ஆலையில் பட்டையைக்கூட எடுக்காமல் ஓடினேன். கூட்டாளியின் வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, “கோஸ்தான்டா, கோஸ்தான்!” என்றேன். நானே என்னைத் திட்டிக்கொள்கிறேன் என்று நினைத்தான் அவன்.

வளைவுகளைப் பிய்த்துப் போட்டோம். மலையில் மூன்று நேரான ஏற்றங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஏற்றம் முடியும் இடத்தில் ரயில் முழுசாக நிற்கும் நீளத்துக்கு ஒரு பலகை, அதன் மேல் தண்டவாளம். பலகையின் கடைசி முனையில் ஒரே ஓர் ஆணி, அதனால் கேட் மாதிரி ஆடும். ரயில் பலகைக்குள் போனதும் பலகையை நகர்த்தி மேல் ஏற்றத்தோடு சேர்த்து, எஞ்சின் குமிழைப் பின்னால் தள்ளினால், ரயில் பின்னோக்கி ஏறும். இரண்டாவது பலகையில் மறுபடி முன்னோக்கி. முதல் பலகை கூட்டாளிக்கு, இரண்டாவது எனக்கு. ஓடிப் போய்க் குமிழைத் தள்ளுவது தங்கச்சி, அவளுக்குத்தான் மலையில் பாசி நசுங்காமல் கை வைக்கத் தெரியும்.

ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். “ரயில் பின்னாடி ஏறி நான் பாத்ததே இல்லடா. இத கொண்டுபோனா, பையனுங்களுக்கு ரயிலே தெரியலன்னு சொல்லுவாங்க.” எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, ஒண்ணு செய்யலாம். பத்து தடவ ஏறணும், ஒரு தடவகூட விழாம. விழுந்துச்சுன்னா அஞ்சாம் வகுப்பு செஞ்ச மாட்டு வண்டிதான் கண்காட்சிக்கு” என்றார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் தொடங்கினோம். ஏழாவது தடவை விழுந்தது.

“மறுபடி ஒண்ணுல இருந்து, சார்” என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் போகவில்லை. நாலாவது தடவையில் எஞ்சின் முனகிக்கொண்டு நின்றது, பேட்டரி தீர்ந்துவிட்டது. தங்கச்சி வீட்டுக்கு ஓடி, பாடிக்கொண்டிருந்த ரேடியோவைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கி வந்தாள். பின்னாலேயே அம்மாவின் சத்தம் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது. நாலு, ஐந்து, ஆறு, ஏழு. எட்டு, ஒன்பது. பத்தாவது தடவை ரயில் பிரட்டுக் களத்தில் போய் நின்றபோது ஆசிரியர், “மாட்டு வண்டி தப்பிச்சிச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கண்காட்சி அன்று காலை அப்பாவின் லோரியில் மலையை ஏற்றி அனுப்பினோம். நாங்கள் மூவரும் ஆசிரியரோடு பஸ்ஸில் போனோம். மண்டபத்தில் எங்களுக்குப் பக்கத்து மேசையில், விளக்கு எரியும் விமான நிலையம். எங்கள் மலையில் விளக்கு இல்லை, பாசி மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்ற மேசைகளில் பெயிண்ட் வாடை அடித்தது, எங்கள் மேசையில் ஈர மண் வாடை.

நடுவர் மலாய்க்காரர், கண்ணாடி போட்டவர், சாந்தமான முகம். ரயில் முதல் ஏற்றத்தில் ஏறியது. புன்னகைத்தார். பலகைக்குள் போய் நின்றது. பின்னோக்கி நகரத் தொடங்கியது. அவர் முகம் மாறிவிட்டது. ரயில் ஏற முடியாமல் சறுக்கித் திரும்பி வருகிறது என்று நினைத்துவிட்டார். எங்களை வெட்கப்படுத்த வேண்டாம் என்று பார்வையை எடுத்துக்கொண்டு, “பரவாயில்லை, நல்ல முயற்சி” என்று மலாயில் சொல்லி, தாளில் எதையோ எழுதி, அடுத்த மேசைக்குத் திரும்பினார்.

தங்கச்சி மேசையைச் சுற்றி ஓடி அவர் முன்னால் நின்றாள். “பெலும் ஹாபிஸ், என்சிக்! இன்னும் முடியல!”

அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். போய்விட்டார். அந்த நேரம் ரயில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார் ஆசிரியர் மெதுவாக. திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

“ஆஃப் பண்ணிடலாமாடா?” என்றான் கூட்டாளி.

“யாராச்சும் ஒருத்தர் கடைசி வரைக்கும் பாக்கட்டும். அதுவரைக்கும் ஓடும்” என்றேன்.

ஓட்டினோம். காலை முழுக்க ஓட்டினோம். சனம் வரும், முதல் ஏற்றத்தை ரசிக்கும், ரயில் பின்னால் போனதும் உதட்டைச் சுழித்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விடும். தங்கச்சிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அப்பா வந்தார். டவுனில் உரம் ஏற்ற வந்தவர், சட்டையில் உரத்தூசியோடு வாசலிலேயே தயங்கி நின்று, பிறகு உள்ளே வந்தார். மலையை ஏற்றி வந்தவர்தான், ஆனால் ரயில் எப்படி ஏறும் என்று அதுவரை அவரிடம் சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வது? மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ரயில் பலகைக்குள் போனது. பலகை நகர்ந்தது. ரயில் பின்னோக்கி ஏறியது. அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பூட்ஸ் போட்ட ஒருவர், திரிங்காப் பக்கத்துத் தோட்டக்காரர் போல, “ஏன் தம்பி, பேசாம திருப்பி விட்டா என்னா? இது என்னா கூத்து?” என்று கேட்டார்.

“விழுந்துடும்ணே” என்றேன்.

“விழுகறது கெடக்கட்டும்” என்று அப்பாவின் குரல் கேட்டது. அத்தனை பேர் நடுவில் அவர் பேசி நான் கேட்டதில்லை. விரலை நீட்டி முதல் பலகை இருந்த இடத்தைக் காட்டினார். “இந்த எடத்துல ஒடிச்சுத் திருப்பினா, வாலு பள்ளத்துக்கு மேல போயி நிக்கும். பின்னால ஆளு இருக்காங்கல்ல.”

பெட்டியில் சாக்குகளின் மேல் ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

 எங்கள் ஆசிரியர் அப்பாவைப் பார்த்தார், பிறகு ரயிலைப் பார்த்தார். இரண்டு பேர் நகரப் போனார்கள். அவர் கையை நீட்டி மறித்தே விட்டார். “நில்லுங்க, நில்லுங்க. பெலும் ஹாபிஸ். இன்னொரு ஏத்தம் இருக்கு.”

நின்றார்கள். நான் இரண்டாவது பலகையை நகர்த்தினேன். தங்கச்சி குமிழைத் தள்ளினாள். ரயில் முன்னோக்கி, மெதுவாக, கடைசி ஏற்றத்தில் ஏறிக் களத்தில் போய் நின்றது. யாரும் கை தட்டவில்லை. ஒரு சீன அம்மா மட்டும் குனிந்து, பெட்டியில் இருந்த பெண்களை விரலால் ஒவ்வொருவராக எண்ணினார். ஏழு பேரும் இருந்தார்கள். நிமிர்ந்து எங்களைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

பரிசு விமான நிலையத்துக்குத்தான் போனது. எங்களுக்குக் கலந்துகொண்டதற்கு ஒரு தாள் கொடுத்தார்கள், அது இப்போது எங்கே என்று தெரியவில்லை. மலை கொஞ்ச நாள் ஆயாக் கொட்டகையில் கிடந்தது. கோழி முட்டையிட்டது, பிறகு கூரை ஒழுகிக் கரைந்தது. உலகத்தில் பல மலைகளில் அசல் ரயிலே இப்படி முன்னும் பின்னுமாகத்தான் ஏறுகிறது என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்ல ஆசிரியரைத் தேடினேன், மாற்றலாகிப் போயிருந்தார்.

ஆனால் அன்று மாலை வீடு திரும்பியதைச் சொல்ல வேண்டும். மலையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நானும் பின்னால் ஏறினேன், உர மூட்டைகளின் மேல். நான் அந்த லோரியின் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தங்கச்சியும் கூட்டாளியும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். உரத்தைக் கீழ்ப் பள்ளத்தாக்குக் கொட்டகையில் இறக்கிவிட்டு, லயத்துக்கு ஏறும்போது அந்த வளைவு வந்தது. அப்பா சந்துக்குள் விட்டு நிறுத்தினார். பின்னோக்கி உறுமத் தொடங்கினார்.

என் முதுகில் ஏதோ உரசியது. திரும்பிப் பார்த்தேன். மலைச் சரிவில் முளைத்த பெரணி. ஈர மண் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தது. எங்கள் பின்பக்கம் மலையோடு ஒட்டிக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தது. அப்படியானால் பள்ளம் எங்கே என்று எழுந்து முன்பக்கம் எட்டிப் பார்த்தேன். லோரியின் மூக்கு பாதையை விட்டு வெளியே வீசிக்கொண்டு போய், அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு மூச்சு நேரம் வெறும் பள்ளத்துக்கு மேல் நின்றது. லோரியின் பக்கக் கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. அது பள்ளத்தைப் பார்க்கவில்லை.

“எல்லாரும் இருக்கீங்களா?” என்று முன்னாலிருந்து கேட்டார்.

“இருக்கோம்ப்பா!” என்று நான்தான் முதலில் கத்தினேன்.